‘சமாளிப்பம்’ என்பதற்கு முன்னால்: மாற்று ஏற்பாடும் கைவிட்டால் என்ன செய்வது?

புரட்டாசிக் கடைசி. வடமராட்சியில் ஒரு முன்பள்ளிக்கு மேல்தளக் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்தோம். ஆவணியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய காசு பிந்தியதால் மழையின் வாசலுக்கு வந்துவிட்டது. காலை ஆறரைக்குத் தொடங்கினோம். பத்தே முக்காலுக்கு, பாதித் தளம்கூட முடியாத நிலையில், கலவை மெசின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. எது பிழைக்கலாம், பிழைத்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் எங்கள் இடர்ப் பதிவேட்டின் மூன்றாவது வரியே அதுதான்: ‘கலவை மெசின் பழுதாதல். நடவடிக்கை: இரண்டாவது மெசின் தயார்நிலையில்.’ எழுதியவனும் நான்தான். மெசின்காரருக்கு அழைப்பு எடுத்தேன்.

“தம்பி, அது இப்ப உடுப்பிட்டிப் பக்கம் ஒரு வேலையில நிக்குது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகெண்டால் எடுக்கலாம்.”

அந்த ஒரே மெசினை மூன்று பேருக்குத் ‘தயார்நிலையில்’ வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அவரில் பிழை பிடிக்க முடியாது. நான் முற்பணம் கொடுக்கவில்லை, போய்ப் பார்க்கவுமில்லை. பதிவேட்டில் ஒரு வரி எழுதியதோடு அந்த இடர் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தலைக்கு மேல் வெயில், தெற்கே கறுத்த முகில், தளத்தில் இறுகத் தொடங்கும் கலவை. மூத்த மேசன் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, சமாளிப்பமோ?” என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு செயற்றிட்டத்தைப் பொறுப்பெடுத்தால் இந்தச் சொல்லை வாரம் ஒரு தரமாவது கேட்பீர்கள். கட்டடம், கோயில் திருவிழா, மென்பொருள், பாடசாலை ஆண்டுவிழா என எதுவானாலும் சரி. திட்டமிட்ட நடவடிக்கை பலிக்காத நேரத்தில் என்ன செய்வது, அந்த நேரம் வருவதற்கு முன் என்ன செய்து வைப்பது என்பதை, முதன்முறை பொறுப்பெடுப்பவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள்

பாடப்புத்தகங்கள் இடருக்கு நான்கைந்து வழி சொல்லும்: தவிர்க்கலாம், குறைக்கலாம், காப்புறுதிபோல வேறொருவருக்குக் கைமாற்றலாம், ஏற்றுக்கொள்ளலாம், உங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதென்றால் மேலிடத்துக்கு அனுப்பலாம். இவை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த அடுக்கைத்தான் ஆட்கள் குழப்பிக்கொள்வார்கள்.

இடர் நடந்துவிட்டால் செய்வதற்கென்று முன்கூட்டியே எழுதிவைத்தது தற்செயல் திட்டம், அதாவது ‘கொன்டின்ஜென்சி பிளான்’. அதுவும் பலிக்காவிட்டால் போய் நிற்பதற்கென்று எழுதிவைத்தது பின்வாங்கல் திட்டம், ‘ஃபோல்பக் பிளான்’. இரண்டும் இல்லாமல், அல்லது இரண்டும் கைவிட்ட பிறகு, அந்த இடத்தில் நின்று யோசித்துச் செய்வது ‘வேர்க்அரவுண்ட்’. எங்கள் பாசையில் சமாளிப்பு.

என் கதையில் இரண்டாவது மெசின் தற்செயல் திட்டம். பின்வாங்கல் திட்டம் என்று ஒன்று இருக்கவேயில்லை. அதனால் முதல் தடுக்கலிலேயே நேராகச் சமாளிப்புக்கு வந்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். எவ்வளவு செய்தாலும் மிஞ்சி நிற்பது எஞ்சும் இடர். ஒன்றைத் தீர்க்கப்போய் நாமே உண்டாக்குவது வழிவந்த இடர். பின்னது புதியவர்களின் கண்ணில் படாது. படும்போது பிந்திவிடும்.

படி 1: இரண்டாவது வரியையும் எழுதுங்கள்

பதிவேட்டில் உள்ள எல்லா இடருக்கும் பின்வாங்கல் திட்டம் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். வந்தால் வேலையே நின்றுவிடும் என்ற அளவுக்குப் பெரிய மூன்றோ நான்கையோ தெரிந்தெடுங்கள். அவற்றுக்கு மட்டும் நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் நடவடிக்கை என்ன, அது பலிக்கவில்லை என்று எதைவைத்து முடிவெடுப்போம், பலிக்காவிட்டால் என்ன, யார் சொல்வது.

இதில் இரண்டாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ‘மெசின் வராவிட்டால்’ என்று எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு வராவிட்டால்? பத்தே முக்காலுக்கு நிற்கும் மெசினுக்காக நாலு மணிவரை காத்திருக்க முடியாது. கலவை அதற்குள் கல்லாகிவிடும். ‘பழுதாகி 30 நிமிடத்துக்குள் மாற்று மெசின் வேலைத்தளத்துக்கு வராவிட்டால், பொறியியலாளருக்கு அழைத்து, அவர் காட்டும் இடத்தில் வேலையை நிறுத்துவது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்று அரை மணித்தியால வாக்குவாதம் மிச்சமாகியிருக்கும்.

இப்படி ‘இனி அடுத்ததுக்குப் போ’ என்று சொல்லும் அடையாளத்தை விசைப்புள்ளி என்பார்கள். நேரமோ எண்ணோ இல்லாத விசைப்புள்ளி வேலைக்கு உதவாது. மழைக்கு எழுதுவதென்றால், ‘மழை வரும்போல இருந்தால்’ என்பதை வெட்டிவிடுங்கள். ‘முதல்நாள் மாலை 5 மணிக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் வடமாகாணத்துக்குப் பலத்த மழை என்றிருந்தால் மறுநாள் கொங்கிறீற் இல்லை’ என்று எழுதுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் பக்கம் வேலை செய்பவர் யாரும் இதைத் தவிர்க்க முடியாது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழையும் 2020 டிசம்பரில் புரேவியும் இங்கே விட்டுப்போன வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் வேலைத்தளச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் அது ஞாபகம் வராது.

நான்காவது, ஆள். ‘நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்பம்’ என்பது சபைக்கு நல்லது, தளத்துக்குச் சரிவராது. ஒரு இடருக்கு ஒரு பெயர். அவர் அன்று வராவிட்டால் இன்னொரு பெயர்.

படி 2: மாற்று எந்தக் காலில் நிற்கிறது என்று பாருங்கள்

கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். மாற்று ஏற்பாடு தோற்பதற்கு நான் கண்ட முதற் காரணம் ஒன்றுதான்: முதல் ஏற்பாடு எதனால் விழுந்ததோ, அதே காரணத்தால் மாற்றும் விழும்.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். யாழ் நகரில் சின்ன மென்பொருள் அலுவலகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மின்வெட்டுக்கு எழுதிவைத்த திட்டம் அழகானது. கரண்ட் போனால் யூபிஎஸ். அது முடிந்தால் ஜெனரேற்றர். இணையம் போனால் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பு. இரண்டு மணித்தியால வெட்டுக்கு இது போதும். அந்த மார்ச் 31 அன்று நாடு முழுவதும் 13 மணித்தியால வெட்டு என்று அறிவித்தார்கள். யூபிஎஸ் சார்ஜ் ஆவதற்கே நேரம் காணவில்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. நாட்டில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாததால்தான் கரண்டே போனது, அதே காரணத்தால்தான் டீசலும் இல்லை. இரண்டாவது இணைய இணைப்பின் கோபுரமும் பற்றரி தீர்ந்து படுத்துவிட்டது. மூன்று அடுக்குப் பாதுகாப்பு என்று அவர் நினைத்தது ஒரு காலில் நின்ற மூன்று கதிரைகள்.

அப்போது இன்னொன்றும் தெரியவந்தது. கூரையில் சோலர் போட்டிருந்த வீடுகளுக்குப் போய் வேலைசெய்யலாம் என்று யோசித்தார்கள். ஆனால் பற்றரி இல்லாமல் மின்சார சபையின் கம்பியோடு இணைத்த சோலர், கரண்ட் போனதும் தானாகவே நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்யும் ஆட்களுக்கு மின் தாக்காமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பட்டப்பகல், எரிக்கும் வெயில், கூரை நிறையத் தகடு, வீட்டில் கரண்ட் இல்லை. பலருக்கு அன்றுதான் அந்தப் பாடம்.

கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது மின்வெட்டு அட்டவணை. பிரதேசங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு நேரம் அறிவித்தார்கள். வேறு குழுக்களில் இருந்த ஊழியர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, கரண்ட் உள்ள வீட்டுக்கு மடிக்கணினியோடு ஆட்களை சைக்கிளில் மாற்றினார். பெற்றோலும் இல்லைத்தானே. வாடிக்கையாளரிடம் பேசி வேலை நேரத்தை இரவுக்குத் தள்ளினார். அது வேறு காலில் நின்ற மாற்று. ஆனால் அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் போயிற்று.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையில், நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் அறுந்ததும் டீசல் ஜெனரேற்றர்கள் திட்டமிட்டபடியே இயங்கத் தொடங்கின. முக்கால் மணித்தியாலம் கழித்து வந்த ஆழிப்பேரலை அவற்றை மூழ்கடித்தது. மின்பகிர்வுப் பலகைகளும் பற்றரிகளும்கூடத் தாழ்வான இடத்தில் இருந்ததால் பல உலைகளில் அவையும் போயின. சற்று உயரத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரு ஜெனரேற்றர் மட்டும் தொடர்ந்து இயங்கியது. ஐந்தாம், ஆறாம் உலைகள் பிழைத்தது அதனால்தான். மற்ற இடங்களில் ஊழியர்கள் கார்களிலிருந்து பற்றரிகளைக் கழற்றி வந்து மானிகளுக்குக் கொடுத்தார்கள். பத்து ஜெனரேற்றர் இருந்தாலும் எல்லாமே ஒரே வெள்ளத்துக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒன்றுக்குச் சமம்.

சரி, எப்படிச் சோதிப்பது? நான் செய்வது இதுதான். ஒரு தாளில் ஆறு சொற்கள்: மின், எரிபொருள், வீதி, ஆள், காசு, வானிலை. முதல் திட்டம் எவற்றை நம்பியிருக்கிறது என்று அடையாளம் போடுவேன். பிறகு மாற்றுத் திட்டத்துக்கும் அதே தாளில் போடுவேன். இரண்டு அடையாளமும் ஒரே சொல்லில் விழுந்தால், அந்தச் சொல் இல்லாத மூன்றாவது வழி ஒன்றைத் தேடுவேன். என் மெசின் கதையில் இரண்டும் ‘ஆள்’ என்ற சொல்லில் விழுந்தன. ஒரே முதலாளி.

வீதிக்கும் இப்படித்தான். தெற்கிலிருந்து பொருள் வருவதென்றால் முதல் வழி ஆனையிறவால் வரும் ஏ9. அது அடைபட்டால் மன்னார், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக ஏ32. 2011 இல் பாலம் திறந்த பிறகு கிடைத்த வசதி இது. லொறி குடைசாய்ந்து ஏ9 மறிக்கப்பட்டால் ஏ32 நல்ல மாற்று. வன்னி முழுக்க வெள்ளம் என்றால் இரண்டும் ஒரே நாளில் போகலாம். அப்போது மாற்று என்பது வேறு வீதி இல்லை, ஒரு கிழமைக்கு முன்னரே பொருளை இறக்கிவைப்பதுதான்.

படி 3: காசும் கையொப்பமும்

தற்செயல் ஒதுக்கு என்பது தெரிந்த இடர்களுக்காகச் செயற்றிட்டத்தின் செலவுக் கணக்குக்குள்ளேயே வைப்பது. பொறுப்பாளர் தானே எடுத்துச் செலவழிக்கலாம். யாரும் நினைத்துப் பார்க்காததற்கு வைப்பது முகாமைத்துவ ஒதுக்கு. அதைத் தொடுவதற்கு மேலிடத்தின் அனுமதி வேண்டும். மாற்று ஏற்பாடு கைவிடும் நாளில் சிக்கல் காசு இல்லாததால் வருவது குறைவு. காசு இருக்கும், ஆனால் எடுக்க முடியாது.

எங்கள் ஊர்ச் செயற்றிட்டங்களில் பாதிக்கு மேல் புலம்பெயர்ந்தவர்களின் பணத்தில் நடப்பதாகவே எனக்குத் தோன்றும். கனடாவில் இருக்கும் தலைவரிடம் பகல் பதினொரு மணிக்கு அனுமதி கேட்டால் அங்கே நடுச்சாமம் கடந்திருக்கும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்: ‘அவசர நிலையில் 75,000 ரூபா வரை தளப் பொறுப்பாளர் முன் அனுமதியின்றிச் செலவழிக்கலாம், 24 மணித்தியாலத்துக்குள் கணக்குக் காட்டவேண்டும்.’ தொகையை உங்கள் வேலைக்கேற்ப மாற்றுங்கள். நேரத்தை மாற்றாதீர்கள். கணக்குக் காட்டும் நேரம் இறுக்கமாக இருந்தால்தான் அடுத்த முறையும் நம்பித் தருவார்கள்.

நாணய மாற்றையும் மறக்கவேண்டாம். 2022 மார்ச் மாதம் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. ரூபாவில் ஒதுக்கிவைத்தவர்களின் ஒதுக்கு சீமெந்துக் கடை வாசலிலேயே கரைந்துபோனது. டொலரில் உதவி வந்தவர்களுக்கு அதே மாற்றம் கைகொடுத்தது. ஒதுக்கு எந்த நாணயத்தில் இருக்கிறது என்பதும் இடர்ப் பதிவேட்டில் ஏறவேண்டிய விடயம்தான்.

படி 4: அந்த அரை மணித்தியாலம்

இப்போது மறுபடி முன்பள்ளிக்கு வருவோம். மெசின் நின்றுவிட்டது, மாற்று வராது. என்ன வரிசையில் செய்வது?

ஒன்று, ஆட்களையும் செய்த வேலையையும் பாதுகாப்பது. தீர்வு தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு. எங்களுக்கு அது, தட்டியில் கிடந்த கலவையை இறுகுவதற்குள் தளத்தில் போட்டு முடிப்பதும், முகில் கறுத்ததால் தறப்பாள்களை விரித்துத் தயாராக வைப்பதும். மென்பொருள் வேலையென்றால், பழுதான புதிய பதிப்பை நிறுத்திவிட்டுப் பழையதுக்குத் திரும்புவது. விழாவென்றால் சனத்தை ஓரிடத்தில் இருத்துவது. தீர்வு தேடுகிறோம் என்று பத்துப் பேர் பத்துப் பக்கம் ஓடும்போதுதான் ஏணியிலிருந்து ஆள் விழும்.

இரண்டு, உண்மையிலேயே கைவிட்டதா என்று உறுதிப்படுத்துவது. ஒருவர் சொன்னதை வைத்து முடிவெடுக்கவேண்டாம். மெசினை நான் போய்ப் பார்த்தேன். ஓட்டுபவர், “பிளக் மட்டும்தான் அண்ணை, பத்து நிமிசம்” என்றார். இந்தப் ‘பத்து நிமிசம்’ பொல்லாத சொல். ஒரு முறை நம்பலாம். நேரத்தைப் பார்த்து, பதினொன்று பத்துவரை என்று சொன்னேன். பதினொன்று பத்துக்கும் மெசின் இருமிக்கொண்டிருந்தது. அதோடு அந்தக் கதவைச் சாத்தினேன்.

மூன்று, முடிவெடுப்பவரைக் கூப்பிடுவது. கட்டமைப்பு பற்றிய முடிவை நானோ மேசனோ எடுக்கக்கூடாது. பொறியியலாளருக்கு அழைத்தேன். அழைக்கும்போது கதை சொல்லாமல் நான்கு வசனத்தில் சொல்லப் பழகுங்கள்: என்ன நடந்தது, இப்போது எந்த நிலை, என்னிடம் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குள் முடிவு வேண்டும்.

“சேர், மெசின் நிண்டிட்டுது. அரைவாசிக்குக் கொஞ்சம் குறையப் போட்டிருக்கிறம். ஆக்கள் பதினெட்டுப் பேர் நிக்கினம், மணல், சல்லி, சீமெந்து எல்லாம் கிடக்கு. மழை ரெண்டு மணிக்குள்ள வரும்போல. இப்ப முடிவு வேணும்.”

அவர் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு சொன்னார்: முழுத் தளத்தையும் கையால் குழைத்து முடிக்க நினைக்கவேண்டாம். தளத்தைத் தாங்கும் இரண்டு வளைகளுக்கு (பீம்களுக்கு) நடுப்பகுதிவரை மட்டும் கையால் குழைத்துக் கொண்டுபோய், நேர்க்குத்தாகப் பலகை வைத்து நிறுத்துங்கள். வளைக்குக் கிட்டவாக நிறுத்தவேண்டாம், அங்கேதான் தளத்தை வெட்டப் பார்க்கும் வெட்டுவிசை கூட. கையால் குழைப்பதற்குப் பத்து வீதம் சீமெந்து கூடப் போடுங்கள். நாளைக்கு மிச்சத்தைப் போடுமுன் அந்த விளிம்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சீமெந்துப் பால் பூசுங்கள்.

இதைக் கேட்ட மேசனுக்குக் கோபம். ஒரே நாளில் தளத்தை முடிப்பது அவருக்கு மானப் பிரச்சினை. “இருவது பேர் நிண்டால் கையால முடிக்கலாம் தம்பி, இதென்ன பெரிய வேலையே?” முடித்திருக்கவும் கூடும், இரவு எட்டு மணிக்கு, மழைக்குள். நடுவில் எங்கோ, யாரும் தெரிவுசெய்யாத இடத்தில், இறுகிய கலவைக்கு மேல் புதுக் கலவை விழுந்து ஒட்டாமல் நின்றிருக்கும். திட்டமிட்டு நிறுத்தும் இடம் ஒரு கோடு. அதன் மேல் ஒரு கண் வைத்திருக்கலாம்.

நான்கு, முடிவை எழுதுவது. சீமெந்துப் பையின் முதுகில் எழுதினாலும் போதும்: நேரம், முடிவு, யார் சொன்னது. நான் கைபேசியில் பலகை வைத்த இடத்தைப் படம் எடுத்து, பொறியியலாளருக்கு அனுப்பி, “இங்கேதானே?” என்று கேட்டு, அவர் “ஓம்” என்று எழுதிய பிறகுதான் மேசனிடம் காட்டினேன். வாயால் சொன்னது பின்னேரத்துக்குள் மாறிவிடும்.

ஒன்றேகாலுக்குப் பலகை வைத்தோம். ஒன்றே முக்காலுக்கு மழை.

படி 5: சமாளிப்பைத் தெரிவு செய்வது

சமாளிப்பில் எங்களை வெல்ல ஆள் இல்லை என்று ஒரு பெருமை உண்டு. அதில் நியாயமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எழுதினோம். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்களுக்கு என்ன நடந்தது என்று அந்தக் கால மெக்கானிக்மாரைக் கேளுங்கள். புகையும் கரியும்தான். அதுதான் வழிவந்த இடர். வேறு வழியே இல்லாத காலத்தில் அது சரியான தெரிவு. ஆனால் அந்தப் பெருமையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வழி இருக்கும் காலத்திலும் திட்டம் எழுதாமல் இருப்பதைத்தான் நான் கண்டு சலித்துப்போனேன்.

ஒரு சமாளிப்பு மனதில் வந்ததும் மூன்றைக் கேட்டுப் பாருங்கள். இதைத் திரும்ப எடுக்க முடியுமா? இது புதிதாக எதைக் கெடுக்கும்? எத்தனை நாள் தாங்கும்? திரும்ப எடுக்க முடியாததென்றால் மட்டும் கூடுதல் நேரம் எடுத்து யோசியுங்கள். எடுக்க முடியுமென்றால் உடனே செய்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரேயளவு யோசித்தால் நேரம் வீணாகும்.

ஒரு தீர்வு தோற்றால், ஏன் தோற்றது என்பதை அடுத்த தீர்வுக்குள் கொண்டுபோகவேண்டும். 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது நடந்தது நல்ல உதாரணம். முதலில் ஒரு பெரிய உருக்குக் கூண்டைக் கசிவின் மேல் இறக்கினார்கள். ஆழ்கடலின் குளிரிலும் அமுக்கத்திலும் வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல உறைந்து கூண்டின் வாயை அடைத்துவிட்டது. பிறகு கனமான சேற்றை உள்ளே அடித்துப் பார்த்தார்கள். அதுவும் தோற்றது. ஜூன் மாதம் அடுத்த மூடியை இறக்கும்போது உறையாமல் இருக்க மெதனோலும் சூடான நீரும் செலுத்த வசதி செய்திருந்தார்கள். அது ஒரு பகுதி எண்ணெயையாவது பிடித்தது. ஜூலை 15 அன்றுதான் கசிவு நின்றது, 87 நாட்களில். முதல் தோல்வியைக் குறித்துவைக்காமல் இரண்டாவது கூண்டையும் அதேபோல இறக்கியிருந்தால் இன்னொரு பனிக்கட்டி கிடைத்திருக்கும்.

படி 6: சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்வது

இதைத் தள்ளிப்போடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. நானும் விட்டிருக்கிறேன். ‘எல்லாம் சரிவந்த பிறகு சொல்லுவம்’ என்று இருப்போம். அதற்குள் தளத்தில் நின்ற யாரோ படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். பாதிக் கொங்கிறீற்றும் மழையும் உள்ள படம். லண்டனிலிருந்து அழைப்பு வரும்.

முடிவு எடுத்த அன்றே, சுருக்கமாக, நீங்களே அனுப்புங்கள். நான் அன்று அனுப்பியது ஏறத்தாழ இப்படி:

“வணக்கம் அண்ணா. இன்று தளம் போடும்போது கலவை மெசின் பழுதாகிவிட்டது. ஒழுங்கு செய்திருந்த மாற்று மெசினும் கிடைக்கவில்லை. அதை முன்கூட்டி உறுதிப்படுத்தாதது என் தவறு. பொறியியலாளரின் ஆலோசனைப்படி பாதியில் முறையாக நிறுத்தியிருக்கிறோம், கட்டடத்துக்குப் பாதிப்பில்லை என்று சொன்னார். மிச்சம் நாளை, மழை என்றால் நாளை மறுநாள். மேலதிகச் செலவு ஒரு நாள் கூலியும் கொஞ்சச் சீமெந்தும். சரியான கணக்கை நாளை இரவுக்குள் அனுப்புகிறேன். இணைப்பு வரும் இடத்தில் பின்னர் நீர்க்கசிவு வரலாம், அதற்கு மேலே நீர்த்தடுப்புப் பூச்சு தேவைப்படும்.”

கடைசி வசனத்தை எழுதலாமா என்று கனநேரம் யோசித்தேன். எழுதியது நல்லதாகப் போயிற்று. வரப்போகும் கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொன்னால் அது திட்டத்தில் ஒரு வரி. அவர்களாகக் கண்டுபிடித்தால் அது விசாரணை.

படி 7: அடுத்த நாள் பதிவேட்டைத் திறவுங்கள்

நடந்துவிட்ட இடர் இனி இடர் இல்லை, பிரச்சினை. அதைப் பிரச்சினைப் பதிவேட்டுக்கு மாற்றுங்கள். செலவோ நாளோ அளவோ மாறியிருந்தால் அதற்கான மாற்றக் கோரிக்கையை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அவசரத்தில் வாயால் ஒத்துக்கொண்டதெல்லாம் கணக்கு முடிக்கும்போது பிணக்காக வரும். பிறகு எஞ்சும் இடரையும் வழிவந்த இடரையும் புதிய வரிகளாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைப் போடுங்கள். எங்கள் புதிய வரி: ‘தள இணைப்புக் கோட்டில் கசிவு. விசைப்புள்ளி: கார்த்திகை முதல் பலத்த மழை. நடவடிக்கை: பூச்சு. பொறுப்பு: நான்.’

யார் பிழை என்று தேடும் கூட்டம் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த முறை மெசின் இருமும்போதே சொல்லவேண்டிய ஆள் வாயை மூடிக்கொண்டிருப்பார். நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: ‘இது கைவிடப்போகிறது என்று முதலில் யாருக்குத் தெரிந்தது?’ மெசின் ஓட்டுபவருக்கு முதல்நாளே தெரிந்திருந்தது. எரிபொருள் வடிகட்டியில் தூசு. யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

அதிலிருந்து வந்த பழக்கம் ஒன்று உண்டு. கொங்கிறீற் போடுவதற்கு முதல்நாள் பின்னேரம் இரண்டு மெசினையும் போய்ப் பார்ப்பேன், இரண்டையும் கிளப்பிக் காட்டச் சொல்வேன். இரண்டாவது வேறொரு முதலாளியுடையது, அவருக்குப் பாதி வாடகை முற்பணம். பாவிக்காவிட்டால் அந்தக் காசு போனதுதான். ஒவ்வொரு முறையும் கணக்காளர் முகத்தைச் சுளிப்பார், நானும் ஒவ்வொரு முறையும் அந்தப் பற்றுச்சீட்டை நீட்டுவேன்.

அந்த இணைப்புக் கோட்டு வரியை நான் இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் முதல் பெருமழைக்கு அடுத்த நாள் முன்பள்ளிக்கு அழைப்பேன்.

“ரீச்சர், மழை பெய்ததே? கோடு போன இடத்தால ஒழுகுதோ?”

போன முறை அவர் சொன்ன பதில்: “அது ஒழுகேல்லை தம்பி. ஆனா பின்பக்கப் பீலி சருகால அடைச்சு, தண்ணி முழுக்கச் சமையலறைப் பக்கம் வந்திட்டுது. அதை ஒருக்கா வந்து பாக்கிறீங்களே?”